இஞ்சிக்கு மூன்று மாத நோட்டீஸ்

லிஃப்ட்காரரின் மகள் உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர். ஓட்டல்களின் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பதற்கு அரசாங்கம் அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறது. அப்பா வீட்டு ஃப்ரிட்ஜை அவள் சம்பளம் வாங்காமலே திறப்பாள். எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் திறப்பாள். லிஃப்ட்காரர் அவளை வளர்த்து ஆளாக்கியவர்தான். ஆனாலும் அந்த ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் விடுபடும் சத்தம் கேட்டால் போதும், அவர் கை தானாகப் பின்னால் கட்டிக்கொள்ளும்.

போன தடவை அவள் வந்தபோது காய்த்தட்டின் அடியில் ஒரு பிளாஸ்டிக் பை கிடைத்தது. வாய் இறுகக் கட்டிய பை. உள்ளே வியர்த்து நீர் கோத்திருந்தது. அந்த நீரில் ஒரு துண்டு இஞ்சி படுத்திருந்தது. ஒரு பக்கம் சுருங்கிப் போயிருந்தது. மறுபக்கம் வெள்ளையாகக் கம்பளி போர்த்தி, அதன்மேல் பச்சையாகப் பொடி தூவியிருந்தது. மகள் அதை இரண்டு விரலால் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அப்பா, இது என்ன?"

"இஞ்சி."

"முன்னாடி இஞ்சி. இப்ப என்ன?"

"அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டிப் போட்டுட்டு மிச்சத்தை எடுத்துக்குவேன். நேத்துகூட சூப்புல போட்டேன்."

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் லிஃப்ட்காரரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"ரெண்டு நாளா வயிறுதான் சரியில்லை. அதுக்கும் இஞ்சிதான் சாப்பிடறேன். நல்லா கேக்கும்னு சொல்றாங்க."

மகள் இஞ்சியைக் குப்பையில் போட்டாள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, ஓட்டல் முதலாளிகளிடம் பேசும் அதே குரலில் பேசினாள்.

"மூணு மாசம் டைம் தரேன். அடுத்த தடவை நான் வர்றப்ப இந்த ஃப்ரிட்ஜ்ல ஒரு பொட்டு பூஞ்சை பார்த்தாலும், பெட்டி படுக்கையோட உங்களை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். இஞ்சியைப் பூஞ்சை பிடிக்க விடறவங்களைத் தனியா விடறதில்லை. இதுதான் என் விதி. அப்புறம் கெஞ்சக் கூடாது."

மகள் வீடு நல்ல வீடுதான். மருமகன் தங்கமானவர். ஆனால் அது தரையோடு தரையாகக் கட்டிய வீடு. முப்பத்தாறு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவரை ஏறவும் இறங்கவும் ஒன்றுமில்லாத வீட்டில் கொண்டுபோய் வைத்தால் அவர் என்ன ஆவார்? இந்தக் கட்டடத்தின் லிஃப்ட் அவர் கையால் பொருத்தியது. ஓய்வு பெற்ற பிறகும் அதன் சாவியை யாரும் அவரிடமிருந்து வாங்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்.

மறுநாள் மகளை பஸ் ஏற்றிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் மருந்துக்கடைக்குப் போனார்.

அந்தக் கடைக்காரப் பெண்மணிக்குத் தெருவில் 'மாத்திரை' என்று பெயர். உருவம் சிறியது, வெள்ளைக் கோட்டு, பேச்சு கசப்பு. ஐம்பத்தாறு வயது. கல்யாணப் பேச்சு வந்த காலத்தில் கடையைத் திறந்து வைத்தவர், அதை மூடிவிட்டு மாப்பிள்ளை பார்க்க நேரம் கிடைக்கவில்லை என்பார். கடைக்குப் பின்னால் இரண்டு அறைகள். அதுதான் வீடு.

"வயித்துக்கு ஏதாவது குடுங்க மேடம். இஞ்சி சாப்பிட்டுப் பார்த்தேன், கேக்கலை."

"என்ன இஞ்சி?"

"கொஞ்சம் பூஞ்சை பிடிச்ச இஞ்சி. வெட்டிட்டுத்தான் போட்டேன்."

மாத்திரை கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க லிஃப்ட் கம்பி ஒரு பக்கம் துருப்பிடிச்சிருந்தா, அந்தப் பக்கத்தை மட்டும் சுரண்டி விட்டுட்டு ஆளை ஏத்துவீங்களா?"

லிஃப்ட்காரர் திடுக்கிட்டுப் போனார். முப்பத்தாறு வருடத் தொழிலில் அவர் பாஷையில் இவ்வளவு தெளிவாக யாரும் அவரிடம் பேசியதில்லை.

"வெளியில முடி தெரிஞ்சா உள்ள குடித்தனம் நடக்குதுன்னு அர்த்தம்," என்றார் மாத்திரை. "முழுசா தூக்கிப் போடணும். இஞ்சி வயித்துக்கு நல்லதுதான். பூஞ்சை நல்லதில்லை. ரெண்டையும் சேர்த்துச் சாப்பிட்டா யாரு ஜெயிப்பாங்கன்னு உங்க வயித்தைக் கேளுங்க."

வயிறு இரண்டே நாளில் சரியாகிவிட்டது. லிஃப்ட்காரருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். கடைக்குப் போக வேறு காரணம் தேட வேண்டியிருந்தது. திங்கட்கிழமை தலை வலித்தது. செவ்வாய்க்கிழமை சளி பிடித்தது. புதன்கிழமை எந்த நோயும் கிடைக்காமல், "பஸ்ல போனா குமட்டுது," என்றார்.

"எந்த பஸ்ல போனீங்க?"

"இன்னும் போகலை. போனா குமட்டும்னு தோணுது."

மாத்திரை சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாட்டை லிஃப்ட்காரர் பார்த்துவிட்டார்.

"உங்களுக்கு மாத்திரை வேண்டாம். இஞ்சியே போதும். பிரயாணக் குமட்டலுக்குக் கேக்கும். சாப்பிட்டது செரிக்காம நெஞ்சுல நின்னா, அதுக்கும் கொஞ்சம் கேக்கும். முட்டி வலிக்கு ஏதோ பரவாயில்லை, பெரிசா எதிர்பார்க்காதீங்க. வழுக்கைக்குக் கேக்காது. தடவறதை நிறுத்துங்க, கடையெல்லாம் வாசனை அடிக்குது."

லிஃப்ட்காரர் தலையைத் தடவிக்கொண்டு அசடு வழிந்தார்.

"ரத்தம் உறையாம இருக்க ஏதாவது சாப்பிடறீங்களா?"

"இல்லைங்க."

"சாப்பிட்டா டாக்டரைக் கேக்காம இஞ்சியை அள்ளிப் போட்டுக்கக் கூடாது. உங்களுக்கு அது இல்லை, தைரியமா குடிங்க. காலையில ஒரு டம்ளர் போதும். ரெண்டாவது குடிச்சா நெஞ்சு எரியும்."

"எனக்கு ரெண்டு டம்ளருக்குக் குறைச்சுப் போட வராதே. இன்னொண்ணை என்ன பண்றது?"

"யாருக்காவது குடுங்க," என்று சொல்லிவிட்டு, மாத்திரை அலமாரிப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே நேராக இருந்த டப்பாக்களை நேராக்கினார்.

மறுநாள் பதினோரு மணிக்கு, நாலாவது மாடியிலிருந்து லிஃப்ட் ஆள் இல்லாமல் இறங்கியது. கதவு திறந்தபோது உள்ளே ஒரு ஸ்டூல் மட்டும் நின்றது. ஸ்டூலில் ஒரு வளையம், வளையத்துக்குள் ஒரு டம்ளர். இஞ்சியை நசுக்கிக் கொதிக்கவிட்டு, எலுமிச்சை பிழிந்து, தேன் கலந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அதற்காக லிஃப்ட்காரர் முந்தின இரவு முழுவதும் இயந்திர அறையில் உட்கார்ந்து பிரேக்கைத் திருத்தியிருந்தார். மனுஷர்களை ஏற்றி இறக்கிய காலத்தில்கூட அவர் அந்த பிரேக்கை அத்தனை பதமாக வைத்ததில்லை.

அன்று முதல் இது தினப்படி வழக்கமாயிற்று. மூன்றாவது மாடியில் குடியிருக்கும் பாட்டு வாத்தியார் ஒருநாள் அவசரமாகப் பொத்தானை அழுத்த, கதவு திறந்தது. ஆள் இல்லாத லிஃப்டில் ஆவி விட்டுக்கொண்டு ஒரு டம்ளர் அவரைப் பார்த்தது. அதற்குப் பிறகு மனுஷர் லிஃப்ட் பக்கமே வரவில்லை. படியேறி இறங்கியே ஒரு மாதத்தில் இளைத்துவிட்டார். எப்படி இளைத்தீர்கள் என்று கேட்டவர்களிடம், வீட்டில் இஞ்சி சேர்த்துக்கொள்கிறோம் என்றார். செய்யாத காரியத்துக்குப் பெயர் வாங்குவதில் இஞ்சியை மிஞ்ச முடியாது.

காலி டம்ளர் எப்போதும் காலியாகத் திரும்பாது. அதற்குள் ஒரு சீட்டு இருக்கும். மாத்திரைக்குச் சாதாரணமாக எழுத வராது. முப்பது வருடம் மருந்துப் பாட்டிலில் ஒட்டும் சீட்டிலேயே எழுதிப் பழகிய கை. காதல் கடிதம் எழுதச் சொன்னாலும் அதில் காலை ஒன்று, மாலை ஒன்று என்றுதான் எழுதும்.

'இஞ்சி. முழுதாக. தோல் சீவாமல். ஈரம் இல்லாமல் துடைத்துக் காகிதத்தில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் வைக்கவும். மூன்று வாரம் தாங்கும்.'

'வாங்கும்போது ஒடித்துப் பார்க்கவும். சத்தம் வர வேண்டும். வளைந்தால் வாங்க வேண்டாம்.'

'ஃப்ரீசரில் வைத்த இஞ்சி. உருக விட வேண்டாம். கல் மாதிரி இருக்கும்போதே துருவவும்.'

'அரைத்த இஞ்சிக் கட்டி. சூப்புக்கு ஒன்று. அடுப்பை அணைக்கும் முன் போட்டால் காரம். ஆரம்பத்திலேயே போட்டால் வாசனை மட்டும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.'

லிஃப்ட்காரர் வீட்டில் குழந்தையே கிடையாது. ஆனாலும் இஞ்சியை அரைத்து, மாத்திரை அனுப்பிய ஐஸ் தட்டில் கட்டியாக்கி, ஃப்ரீசரின் மேல்தட்டில், பின்வரிசையில் வைத்தார். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவருக்கு ஒரு சுகம் வந்துவிட்டது. கத்தியால் தோல் சீவிப் பாதி இஞ்சியைக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர், ஸ்பூன் விளிம்பால் சுரண்டக் கற்றுக்கொண்டார். விரல் இடுக்கு மாதிரி இருக்கும் மூலைகளில்கூட ஸ்பூன் நுழைந்து தோலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தது. கறி சமைத்தால் இஞ்சியை அரைத்துத் தடவி அரை மணி நேரம் ஊற வைத்தார். இறைச்சி பஞ்சாக வெந்தது. பால்கனியில் ஒரு தொட்டியில் முளை விட்ட துண்டைப் புதைத்தார். அது பச்சையாக ஒரு விரல் நீட்டியது.

சுற்றி வளைப்பானேன்? லிஃப்ட்காரருக்கு அந்தப் பெண்மணியைப் பிடித்துப் போயிற்று. இரண்டாவது மாதத்தில் வந்த ஒரு சீட்டில் 'தினம் ஒன்று. நிறுத்த வேண்டாம்' என்று மட்டும் இருந்தது. இஞ்சி என்ற பெயரே அதில் இல்லை. மற்ற சீட்டுகளைப் போல அதை அவர் ஃப்ரிட்ஜில் ஒட்டவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஒருநாள், "உங்க ஃப்ரிட்ஜைக் காட்டுங்க, அதே மாதிரி நானும் அடுக்கறேன்," என்று கேட்டார். மாத்திரை பெருமையோடு கடையின் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். உள்ளே வெப்பமானி தொங்கியது. கதவில் காலையும் மாலையும் குறித்த அட்டவணை. மருந்துக் குப்பிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன.

"இது கடை ஃப்ரிட்ஜ். வீட்டு ஃப்ரிட்ஜ்?"

"அது பின்னாடி இருக்கு," என்ற மாத்திரை, உடனே, "உங்க பொண்ணு எப்ப வராங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் லிஃப்ட்காரருக்கு மற்றதெல்லாம் மறந்து போயிற்று.

மகளிடம் விஷயத்தைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. மனைவி போய் ஆறு வருடம். அறுபத்திரண்டு வயதில் அப்பாவுக்கு என்ன வந்தது என்று அவள் கேட்டால் என்ன பதில் சொல்வது? கேட்காமல் முகம் மட்டும் வாடினால் அதைவிட மோசம். ஆகவே திட்டம் இதுதான்: சோதனையில் ஜெயிப்பது, வாயைத் திறக்காமல் இருப்பது, இந்த வீட்டிலேயே இருந்துகொள்வது. தோற்றால் எட்டு மணி நேரத் தூரத்துக்கு இஞ்சி டம்ளரை அனுப்ப எந்த லிஃப்டும் கிடையாது.

சனிக்கிழமை மாத்திரை கட்டளை போட்டார். "சீட்டு ஒண்ணுகூட இருக்கக் கூடாது. என் எழுத்து. பார்த்தா கேப்பாங்க. நாளைக்கு லிஃப்ட் ஆள் இல்லாம ஓடவும் கூடாது."

"நீங்களும் ஸ்டூல்ல டம்ளரை வெச்சு அனுப்பாம சும்மா இருக்கணும்."

"எனக்கென்ன, நான் கல்லு மாதிரி இருப்பேன்," என்றார் மாத்திரை.

லிஃப்ட்காரர் ஒவ்வொரு சீட்டையும் வெந்நீர் ஒற்றி உரித்து, கருவிப் பெட்டிக்குள் ஸ்பேனர்களுக்கு அடியில் ஒளித்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. டார்ச்சை எடுத்தாள், வெப்பமானியை எடுத்தாள், ஃப்ரிட்ஜைத் திறந்தாள். லிஃப்ட்காரர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஓட்டல் முதலாளி மாதிரி ஓரமாக நின்றார்.

குளிர் நாலு டிகிரி. நல்லது. பால் மூடியிருந்தது. சமைத்தது மேலே, சமைக்காதது கீழே. மகள் முட்டி போட்டுக் காய்த்தட்டை இழுத்தாள். டப்பா. டப்பாவுக்குள் காகிதம். காகிதத்துக்குள் இஞ்சி, வழவழவென்று, நேற்றுத் தோண்டியது போல. அவள் ஒரு முனையை ஒடித்தாள். டக் என்று சத்தம் கேட்டது. முகர்ந்து பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, அப்பாவை முதன்முதலாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

"யாருப்பா சொல்லிக் குடுத்தா?"

"எதை?"

"நம்ம வீட்டுல அம்மா இருந்தவரைக்கும் இஞ்சி எந்தப் பக்கம் இருக்கும்னுகூட உங்களுக்குத் தெரியாது. சரி, ஒரு துண்டைத் தோல் எடுங்க, பார்க்கலாம்."

லிஃப்ட்காரர் ஸ்பூனை எடுத்தார். மகளின் புருவம் உயர்ந்தது. ஸ்பூன் சரசரவென்று ஓடியது. மூலை முடுக்கெல்லாம் நுழைந்தது. தோல் மெல்லிய சருகாக உதிர்ந்தது. அப்புறம் நசுக்கி, கொதிக்கவிட்டு, எலுமிச்சை பிழிந்து, தேன் விட்டு அவள் கையில் கொடுத்தார். மகள் ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். செருப்பைக் கழற்றினாள்.

"பாஸ்," என்றாள்.

லிஃப்ட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மகள் குளிர்ந்த தண்ணீர் கேட்டபடியே ஃப்ரீசரைத் திறந்து, ஐஸ் என்று நினைத்து மேல்தட்டிலிருந்த தட்டை இழுத்தாள். இஞ்சிக் கட்டிகள். கவிழ்த்துத் தட்டப் போனவள் நின்றாள். தட்டின் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அடிப்பக்கத்திலும் ஒன்றை ஒட்டி அனுப்பும் மருந்துக்கடைப் பழக்கத்தை லிஃப்ட்காரர் மறந்தே போயிருந்தார்.

"'இரவு உணவுக்குப் பின் ஒன்று. தேவைப்பட்டால் மட்டும்,'" என்று மகள் வாசித்தாள். "இஞ்சிக்கு யாருப்பா இப்படி எழுதுவாங்க?"

"கீழே மருந்துக்கடையில வாங்கின தட்டு அது. அவங்க எதைக் குடுத்தாலும் எழுதி ஒட்டிடுவாங்க."

பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. அதைவிட ஆச்சரியம், மகள் அதை நம்பிவிட்டாள். தட்டைத் திரும்ப வைத்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தாள்.

"சரிப்பா. நான் சொன்ன வார்த்தையைக் காப்பாத்தறேன். இனிமே உங்களைக் கூப்பிட மாட்டேன். உங்களுக்கு யாருமே தேவையில்லை. தனியாவே நல்லா இருப்பீங்க. நிம்மதியா போறேன்."

ஜெயித்தாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் 'யாருமே தேவையில்லை' என்று மகள் தன் வாயால் சொன்னதும் லிஃப்ட்காரருக்கு ஜெயித்தது கசந்தது. அவர் சுரண்டிய இஞ்சி முழுவதும் அந்த ஒரு வார்த்தையை வாங்கத்தானா? மகள் நிம்மதியாகப் போவாள். இனி அவள் கண்ணுக்கு அவர் தனி ஆள். கடைசிவரைக்கும் தனி ஆள். அது பொய். அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு அவரால் ஒருநாள்கூட இருக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது.

"பாப்பா, பார்த்துக்க ஆள் தேவையில்லைதான். ஆனா கூட உக்கார எனக்கு ஒரு ஆள் வேணும். ஆளும் இருக்காங்க. கீழே."

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்தாள்.  அப்போது திறந்து கிடந்த வாசலுக்கு எதிரே லிஃப்டின் மணி அடித்தது.

கதவு திறந்தது. ஆள் இல்லை. ஸ்டூல் நின்றது. வளையத்துக்குள் நேற்றைய காலி டம்ளர். பதினோரு மணி ஆகிவிட்டிருந்தது. கல் மாதிரி இருப்பேன் என்று சொன்னவருக்குப் பதினோரு மணிவரைக்கும்தான் தாங்கியிருக்கிறது.

லிஃப்ட்காரர் எழுவதற்குள் மகள் போய் டம்ளரை எடுத்துவிட்டாள். உள்ளே சீட்டு.

'பரிசோதனை முடிவை உடனே தெரிவிக்கவும். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.'

அதை அவள் இரண்டு முறை வாசித்தாள். பிறகு உள்ளே வந்து டார்ச்சையும் வெப்பமானியையும் எடுத்துக்கொண்டாள்.

"பாப்பா, அது கடை. உன் அதிகாரம் அங்க—"

"ஏறுங்கப்பா."

லிஃப்ட் இறங்கியது. ஸ்டூலுக்கு இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் அப்பா.

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

"நான் நோட்டீஸ் குடுத்ததுல இருந்தா?"

"அதுக்கு மறுநாள்ல இருந்து."

"அப்ப நான்தான் ஆரம்பிச்சு வெச்சிருக்கேன்," என்றாள் மகள். இரண்டாவது மாடி தாண்டியது. "எனக்கு ஒண்ணும் இல்லைப்பா. அம்மா போனப்புறம் நீங்க சாப்பிடறதே ஏனோதானோன்னு ஆயிடுச்சு. அதைப் பார்த்துத்தான் பயந்தேன். ஆனா என்கிட்ட மறைச்சீங்க இல்லை, அதுதான் வலிக்குது."

"பயமா இருந்துச்சு பாப்பா."

"என்னைப் பார்த்தா?"

"உன்னைப் பார்த்துப் பயப்படாதவங்க யாரு?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைக் கீழ்த்தளம் வருவதற்குள் துடைத்துவிட்டு, ஆய்வாளராக இறங்கினாள்.

மாத்திரை கல்லாவுக்குப் பின்னால் விறைப்பாக நின்றார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார், மகளின் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. வெள்ளைக் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"கடை ஃப்ரிட்ஜைக் காட்டுங்க மேடம்," என்றாள் மகள்.

காட்டினார். மகள் வெப்பமானியைப் பார்த்தாள், அட்டவணையைப் பார்த்தாள், ஒரு மாதத்துக்குப் பின்னோக்கிப் புரட்டினாள். குறை சொல்ல ஒரு கோடுகூடக் கிடைக்கவில்லை.

"நான் பார்த்ததுலயே இதுதான் ஒழுங்கான ஃப்ரிட்ஜ்," என்று ஒப்புக்கொண்டாள். லிஃப்ட்காரருக்கு மார்பு விம்மியது. "இப்ப வீட்டு ஃப்ரிட்ஜ்."

மாத்திரையின் முகம் சுருங்கியது. "பின்னாடி ஒரே அட்டைப் பெட்டியா கிடக்கு. இன்னொரு நாளைக்கு..."

"பரவாயில்லை."

சமையலறைக்குள் மூன்று பேரும் வரிசையாக, பக்கவாட்டில் நடந்துதான் போக முடிந்தது. அடுப்பின் மேல் இருமல் மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பற்ற வைத்துப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும். தொட்டியில் ஒரே ஒரு ஸ்பூன் கிடந்தது. மகள் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பாதி பாக்கெட் ரொட்டி. ஒரு பாட்டில் தண்ணீர். காய்த்தட்டில் ஒரு பிளாஸ்டிக் பை, வாய் இறுகக் கட்டியது.

மகள் அதை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளைக் கம்பளி. பச்சைப் பொடி. லிஃப்ட்காரர் வீட்டில் அன்று கிடைத்ததற்கு இது அண்ணன்.

"மேடம், இது என்ன?"

மாத்திரை தரையைப் பார்த்தார். தெருவே பயப்படும் அந்த வாய் முனகியது.

"இவருக்குச் சொல்லிக் குடுக்கறோமே, நாமளும் செஞ்சு பார்க்கலாம்னு வாங்கினேன்," என்றார். "மறுநாளே லிஃப்ட்ல டம்ளர் வந்துடுச்சு. அப்புறம் அவசியப்படலை."

"சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?"

"ரொட்டி இருக்கு. பிஸ்கட் இருக்கும். எனக்கு எல்லாம் தெரியும். செய்யத்தான் நேரம் இல்லை."

லிஃப்ட்காரர் அந்தக் குளிர்ந்த அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். தினமும் பதினோரு மணிக்குத் தான் அனுப்பிய ஒரு டம்ளர்தான் இந்த அறைக்குள் வந்த ஒரே சூடான பொருள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"எனக்கும் மூணு மாசம் டைம் குடுப்பீங்க இல்லையா?" என்று மாத்திரை கேட்டார்.

"அப்பாவுக்கு வேற வழி இல்லைன்னு குடுத்தேன்," என்றாள் மகள். "உங்களுக்கு எதுக்கு? நாலாவது மாடியில ஒரு ஃப்ரிட்ஜ் காலையிலதான் பாஸ் ஆகியிருக்கு. இஞ்சியைப் பூஞ்சை பிடிக்க விடறவங்களைத் தனியா விடறதில்லை. என் விதி அது. அப்பாவுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணுன்னு மாத்த முடியாது."

மாத்திரை லிஃப்ட்காரரைப் பார்த்தார். எழுதிக் கொடுக்கக் கையில் சீட்டு எதுவும் இல்லை. ஆகவே வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"சரி," என்றார்.

லிஃப்ட்காரர் மகளின் கையிலிருந்து அந்தப் பையை வாங்கினார். பிரிக்கவில்லை. எந்தப் பக்கத்தையும் வெட்டிப் பார்க்கவில்லை. முழுசாகத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.